படிக்கல் ஆடினால்? – மின்னழுத்த நியமத்தின் வரலாறு

நிறுக்கப்படும் பண்டத்தை ஐயுறுவோர் பலர். தராசை ஐயுறுவோர் சிலர். படிக்கல்லை ஐயுறுவோர் மிகச் சிலரே. சந்தைக்குச் செல்லும் நாம் தராசின் முள் நடுவில் நிற்கிறதா என்று உற்று நோக்குகிறோமேயன்றி, மறு தட்டில் கிடக்கும் இரும்புக் கல் உண்மையிலேயே ஒரு கிலோதானா என்று கேட்பதில்லை. அந்தக் கல் காலையில் ஓர் எடையும் மாலையில் வேறோர் எடையுமாக மாறக்கூடியது என்றால் வாணிபம் என்னாகும்? இது வெறுங் கற்பனை அன்று. மின்னியல் உலகில் நூற்றெண்பது ஆண்டுகளுக்கு மேலாக அறிஞர்களை வாட்டி வந்த வினா இதுவே.

மின்னியலிலும் ஒரு தராசு உண்டு. அதனை ஒப்பீட்டுச் சுற்று என்பர். வேலை செய்வோர் வாயில் அது 'கம்ப்பரேட்டர்' என்றே வழங்கும். அதற்கு இரண்டு நுழைவாய்கள், ஒரே ஒரு வெளிவாய். ஒரு நுழைவாயில் நாம் அறிய விரும்பும் மின்னழுத்தம் வந்து சேரும். மற்றொன்றில் மாறாமல் நிற்கவேண்டிய மின்னழுத்தம் ஒன்றை நாமே நிறுத்தி வைப்போம். முன்னது பின்னதினும் மிகுந்தால் வெளிவாய் ஒரு நிலைக்கும், குறைந்தால் எதிர்நிலைக்கும் தாவும். இடைப்பட்ட விடை அதற்குத் தெரியாது. நாம் நிறுத்தி வைக்கும் அந்த மின்னழுத்தமே ஈண்டுப் படிக்கல். கடைகளில் 'ரெஃபரன்ஸ்' எனக் கேட்டு வாங்குகிறார்களே, அதுதான். இக்கட்டுரையில் அதனை 'நியம அழுத்தம்' என்றே குறிப்போம்.

பள்ளி அறிவியல் கழகங்களில் மாணவர் ஆசையோடு செய்யும் ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம்: இருட்டினால் தானே எரியும் விளக்கு. ஒளிபட்டால் தடை குறையும் உறுப்பு ஒன்று ஒரு பக்கம். இரண்டு மின்தடைகளைத் தொடராக இணைத்து நடுவில் எடுத்த நியம அழுத்தம் மறு பக்கம். நண்பகலில் ஒழுங்காக அணைந்திருக்கும். நள்ளிரவில் ஒழுங்காக எரியும். ஆனால் அந்தி மயங்கும் அரை மணி நேரத்தில் விளக்கு கண்ணைச் சிமிட்டத் தொடங்கிவிடும். மாணவன் முதலில் ஒளியுணர் உறுப்பை மாற்றுவான். பின் ஒப்பீட்டுச் சில்லை மாற்றுவான். துடிப்பு நிற்காது. அளந்து பார்த்தால் நியம அழுத்தமே மேலும் கீழுமாக ஆடிக்கொண்டிருக்கும். 'நியமம் நிலையாக இல்லை' என்று தீர்ப்புக் கூறி, விலையுயர்ந்த நியமச் சில்லொன்றை வாங்கி வைத்தாலோ, சில வேளைகளில் துடிப்பு முன்னிலும் மிகுந்துவிடும்.

இது ஏன்? விடை காண நாம் பின்னோக்கிச் செல்ல வேண்டும். ஏனெனில், ஒப்பிட்டு அளக்கும் கலைக்கு ஒரே வேளையில் இரண்டு மரபுகள் தோன்றின. இரண்டிலும் தராசு உண்டு. ஒன்றில்தான் படிக்கல் உண்டு. நம் கையிலுள்ள சுற்று எந்த மரபின் பிள்ளை என்று அறியாமல் அதற்கு மருத்துவம் செய்ய முற்படுவதே பெரும்பாலான தொல்லைகளுக்கு வேர் என்பது என் கருத்து.

முதல் மரபு பெர்லின் நகரில் தோன்றியது. யோகான் கிறிஸ்டியன் பொகண்டார்ஃப் என்ற அறிஞர், 'அனாலென்' எனும் புகழ்பெற்ற பௌதிக ஏட்டை 1824 முதல் தாம் மறைந்த 1877 வரை நடத்தியவர். ஐம்பத்து மூன்று ஆண்டு ஆசிரியப் பணி! 1841ஆம் ஆண்டில் அவர் ஒரு முறையை வெளியிட்டார். மின்கலத்தின் அழுத்தத்தை அளக்க அதிலிருந்து மின்னோட்டத்தை வாங்கினால், வாங்கிய அளவுக்கு அதன் அழுத்தம் குன்றிவிடும். நாம் அளப்பது களைத்துப்போன கலத்தின் அழுத்தமே. ஆகவே ஒரு கம்பியின் வழியே வேறொரு மின்கலத்தால் ஓட்டத்தைச் செலுத்தி, அக்கம்பியில் விழும் அழுத்தத்தை நம் கலத்துக்கு எதிராக நிறுத்தினார். இரண்டும் சமமாகும் இடத்தில் கால்வனாமீட்டரின் முள் அசையாது நிற்கும். அப்போது கலத்திலிருந்து ஒரு துளி ஓட்டமும் வெளியேறவில்லை என்று பொருள். கலம் தன் முழு வலிமையோடு இருக்கும்போதே அதனை அளந்தாயிற்று. படிக்கல்லிடம் எதையும் வாங்காதே என்பது இம்மரபின் முதல் விதி.

இரண்டாம் மரபு இங்கிலாந்தில், இதற்குச் சற்று முன்னரே முளைத்தது. சாமுவேல் ஹண்டர் கிறிஸ்டி 1833இல் விவரித்ததும், சார்லஸ் வீட்ஸ்டன் 1843இல் எடுத்துப் பரப்பியதும் ஆகிய நான்கு தடைப் பாலத்தை ஆசிரியர் பெருமக்கள் நன்கறிவர். வீட்ஸ்டன் அது கிறிஸ்டியுடையது என்று தெளிவாகவே சொன்னார். ஆயினும் பெயர் வீட்ஸ்டனுக்கே நின்றது. இப்பாலத்தில் படிக்கல் என்று ஒன்று இல்லை. ஒரே மின்கலம் இரண்டு கைகளுக்கும் உணவூட்டுகிறது. கலத்தின் அழுத்தம் பாதியாகக் குறைந்தாலும் இரு கைகளும் சேர்ந்தே குறையும், சமநிலை கெடாது. இங்கு ஒப்பிடப்படுவது அளவு அன்று, விகிதம்.

ஒன்றில் நியமம் அசையவே கூடாது. மற்றதில் நியமம் தாராளமாக அசையலாம், ஆனால் ஒப்பிடப்படுவதோடு சேர்ந்தே அசைய வேண்டும். இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

பொகண்டார்ஃபின் தராசு ஆயத்தமாயிற்று. ஆனால் நல்ல படிக்கல் கிடைக்கவில்லை. இலண்டன் கிங்ஸ் கல்லூரியின் டேனியல் 1836இல் ஆக்கிய செம்பு–துத்தநாகக் கலம் ஏறத்தாழ 1.1 வோல்ட்டு தந்தது. தந்தி நிலையங்களுக்கு அது பேருதவி புரிந்தது என்றாலும், கரைசலின் செறிவுக்கும் செய்பவரின் கைக்கும் ஏற்ப வேறுபட்டது. கடலடித் தந்திக் கம்பிகளுக்குப் பெரும்பணம் முதலீடு செய்த காலம் அது. கடலுக்கடியில் கிடக்கும் கம்பியில் பழுது எங்கே என்பதைக் கரையிலிருந்தே மின்னளவையால் கணித்தாக வேண்டும். அளவை பிசகினால் கப்பல் தவறான இடத்தில் தேடும். எனவே நியமத்தை நாடியவர்கள் ஆய்வுக்கூடத்து அறிஞர்கள் மட்டும் அல்லர். தந்திப் பொறியாளர்களும் நாடினர்.

அத்தகைய தந்திப் பொறியாளரே லாட்டிமர் கிளார்க். மின்னலகுகளுக்கு அறிஞர்களின் பெயர்களைச் சூட்டலாம் என்று சார்லஸ் பிரைட்டுடன் சேர்ந்து 1861இல் முன்மொழிந்தவரும் இவரே. 1870களின் தொடக்கத்தில் இவர் பாதரசம், பாதரச சல்பேட்டுக் குழம்பு, துத்தநாக சல்பேட்டுக் கரைசல், துத்தநாகம் ஆகியவற்றைக் கொண்டு ஒரு மின்கலம் செய்தார். அதன் அழுத்தம் 1.457 வோல்ட்டு என்று மதிப்பிட்டார். இது வேலை வாங்குவதற்கான கலம் அன்று. நியமமாக வைத்துப் போற்றுவதற்கென்றே செய்யப்பட்ட கலம்.

ஆனால் 1.457 என்பது சரியா? கேம்பிரிட்ஜில் இராலே பிரபுவும் திருமதி எலினார் சிட்ஜ்விக் அம்மையாரும் சேர்ந்து இதனைச் சோதித்து 1884இல் வெளியிட்டனர். அம்மையார் இராலேயின் துணைவியாரின் தமக்கை; பின்னாளில் நியூனம் மகளிர் கல்லூரியின் தலைவியானவர். அவர்கள் மேற்கொண்ட வழி ஆசிரியர்கள் வகுப்பில் எடுத்துக்காட்டத் தக்கது. ஒரு மின்னோட்டத்தை வெள்ளி உப்புக் கரைசல் வழியே செலுத்தி, குறித்த நேரத்தில் படியும் வெள்ளியை நிறுத்து அந்த ஓட்டத்தின் அளவை அறிந்தனர். தெரிந்த ஓட்டம் தெரிந்த தடையில் தரும் அழுத்தத்தோடு கிளார்க் கலத்தை ஒப்பிட்டனர். விடை 15 பாகையில் 1.435 வோல்ட்டு. மின்னழுத்தத்தின் படிக்கல்லைச் சரிபார்க்க உண்மையான தராசும் உண்மையான எடைக்கல்லும் வேண்டியிருந்தன என்பதைக் காண்க.

பின்னர் 1893இல் சிக்காகோவில் கூடிய அனைத்துலக மின்னியல் மாநாடு 1.434 என்று வரையறுத்தது. அடுத்த ஆண்டே அமெரிக்க நாட்டின் சட்டத்தில், 15 பாகை வெப்பநிலையில் கிளார்க் கலத்தின் அழுத்தத்தில் 1434இல் 1000 பங்கே ஒரு வோல்ட்டு என்று எழுதப்பட்டது. சட்டம் எழுதியாயிற்று; கலமோ சட்டத்துக்குக் கட்டுப்படவில்லை. மேலும் நுணுக்கமாக அளந்தபோது அதன் உண்மை அழுத்தம் 1.433க்கு அண்மையது என்று தெரிந்தது. ஆயிரத்தில் ஒரு பங்குப் பிழை என்றால் அற்பம் எனத் தோன்றும்; ஆனால் அது நாட்டின் சட்டநூலில் அச்சேறிய பிழை.

இதனினும் பெரிய குறை வெப்பம். கிளார்க் கலம் ஒவ்வொரு பாகைக்கும் ஒரு மில்லிவோல்ட்டுக்கு மேல் குறையும். 15 பாகை என்பது இங்கிலாந்தின் அறைக்குப் பொருந்தும். நம் நாட்டின் 30 பாகையில் வைத்தால் ஏறத்தாழ 18 மில்லிவோல்ட்டுக்குக் குறையாமல் இறங்கிவிடும். மேலும் அது சோம்பல் மிக்கது. அறை குளிர்ந்து நெடுநேரம் ஆனபின்னும் பழைய வெப்பத்தின் அழுத்தத்தையே காட்டிக்கொண்டிருக்கும். வெப்பமானியைப் பார்த்துத் திருத்தம் செய்தவர் அதனால் மேலும் தவறினர்.

இக்குறையை நீக்கியவர் எட்வர்ட் வெஸ்டன். இங்கிலாந்தில் 1850இல் பிறந்து, 1870இல் அமெரிக்கா சென்று அங்கேயே வாழ்ந்தவர். 1893இல் அவர் காப்புரிமை பெற்ற கலத்தில் துத்தநாகத்துக்குப் பதிலாகக் காட்மியத்தைப் பயன்படுத்தினார். அதன் அழுத்தம் பாகைக்கு ஏறத்தாழ 40 மைக்ரோவோல்ட்டு மட்டுமே மாறிற்று. கிளார்க் கலத்தின் மாற்றத்தில் முப்பதில் ஒரு பங்குக்கும் குறைவு. 1908இல் இலண்டனில் கூடிய மாநாடு இதனையே ஏற்றது. 1910இல் வாஷிங்டனில் பல நாட்டு வல்லுநர் கூடிச் சோதித்து, 20 பாகையில் 1.0183 வோல்ட்டு என்று முடிவு செய்ய, 1911 முதல் அது நடைமுறைக்கு வந்தது.

இங்குச் சற்று நின்று நோக்க வேண்டியது ஒன்றுண்டு. வெஸ்டன் கலம் வெப்பத்துக்கு அசையாத பொருளால் ஆனதன்று. அது ஆங்கில 'எச்' எழுத்தின் வடிவான கண்ணாடிக் குழல். ஒரு காலில் பாதரசம், மறு காலில் காட்மியம் சேர்ந்த இரசக்கலவை. ஒவ்வொரு காலும் தனித்தனியே பாகைக்கு முந்நூறு மைக்ரோவோல்ட்டுக்கு மேல் ஆடுகிறது. ஒன்று மேல்நோக்கி, மற்றது கீழ்நோக்கி. இரண்டும் ஒன்றையொன்று தின்றபின் எஞ்சுவதே அந்த நாற்பது. ஆகவே கலம் முழுவதும் சூடேறினால் பெருந் தீங்கில்லை. ஒரு கால் மட்டும் சாளரத்து வெயிலில் சூடேறினால் நியமம் பல மடங்கு தடுமாறும். நிலைத்தன்மை இங்கே ஓர் இயற்பண்பு அன்று. இரண்டு தடுமாற்றங்களின் உடன்படிக்கை. இதே உபாயம் எண்பது ஆண்டுகள் கழித்துச் சிலிக்கனில் மீண்டும் வரக் காண்போம்.

வெஸ்டன் இன்னொன்றும் செய்தார். சூடேறினால் உலோகக் கம்பியின் தடை மிகும் என்பது அக்காலத்தார் நம்பிக்கை. அவரோ கலப்புலோகங்களை ஆராய்ந்து, வெப்பத்தால் தடை ஏறத்தாழ மாறாத கம்பிகளைக் கண்டார். கான்ஸ்டன்டன், மாங்கனின் எனப் பின்னர் பெயர் பெற்றவை இவை. படிக்கல்லையும் தராசின் கோலையும் ஒரே மனிதர் திருத்தினார் எனலாம்.

வெஸ்டன் கலத்துக்கும் பொகண்டார்ஃபின் விதியே விதி. பத்தாயிரத்தில் ஓர் ஆம்பியருக்கு மேல் அதனிடம் வாங்கக்கூடாது, அதுவும் கணநேரமே. மீறினால் அது மீண்டு வர நெடுநேரம் பிடிக்கும். குலுக்கினாலும், வெப்பநிலையைத் திடீரென மாற்றினாலும் அவ்வாறே.

வால்வுக் காலத்தில் வாயு நிரப்பிய ஒளிர்குழல்கள் நியமமாக வந்தன. 85 வோல்ட்டில் நிற்கும் குழல் ஒன்று பல கருவிகளில் இடம்பெற்றது. அவற்றைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லிச் செல்வேன்: நியமம் அமைதியாக இருக்கட்டும் என்று அதன் குறுக்கே பெரிய மின்தேக்கியை வைத்தால், குழல் எரிந்தும் அணைந்தும் தானே அலைவு எழுப்பத் தொடங்கிவிடும். மருந்தே நோயாயிற்று.

இதே காலத்தில் தராசின் பக்கமும் ஒரு முன்னேற்றம் நிகழ்ந்தது. ஊசிக்கணவாயின் நரம்பு தூண்டலுக்கு எவ்வாறு விடையளிக்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்த ஆட்டோ ஷ்மிட் என்ற இளைஞர், 1934இல் மாணவராக இருந்தபோதே ஒரு சுற்றை வகுத்து 1938இல் வெளியிட்டார். ஏறும்போது ஓர் எல்லை, இறங்கும்போது அதனினும் தாழ்ந்த எல்லை என இரண்டு எல்லைகள் வைத்தார். ஒருமுறை தாவியபின் சிறு நடுக்கங்களுக்காக அது மீண்டும் தாவாது. அந்தி விளக்கின் சிமிட்டலுக்கு இன்றும் முதல் மருந்து இதுவே. வெளிவாயிலிருந்து ஒரு மின்தடை வழியே நியமத்தின் பக்கம் சிறிது திருப்பிக் கொடுப்பர். அப்படிச் செய்யும்போது நியமம் வேண்டுமென்றே அசைக்கப்படுகிறது. ஆகவே அளந்து பார்த்து 'நியமம் அசைகிறது' என்று அலறுவோர், அந்த அசைவு வடிவமைத்தவர் வைத்ததா, தானாக வந்ததா என்று முதலில் பார்க்க வேண்டும். ஒரே நியமத்தை இரண்டு ஒப்பீட்டுச் சுற்றுகளுக்குப் பகிர்ந்திருந்தால், ஒன்றின் திருப்புதல் மற்றதன் தீர்ப்பைக் கெடுக்கும் என்பதையும் நினைவில் கொள்க.

அமெரிக்காவின் ஃபேர்சைல்டு நிறுவனத்தில் ராபர்ட் விட்லர் வடிவமைத்த 'மைக்ரோ ஏ 710' என்ற ஒப்பீட்டுச் சில்லு 1965இல் வெளிவந்தது. தராசு முழுவதும் ஒரு சிலிக்கன் துண்டில் அடங்கிற்று. பொகண்டார்ஃபின் பழைய எச்சரிக்கை ஈண்டுப் புது உருவில் தலைகாட்டிற்று. அச்சில்லின் நுழைவாயில் இரண்டு டிரான்சிஸ்டர்கள் இணையாக நிற்கும். எதன் அழுத்தம் மிகுதியோ அதுவே ஓட்டத்தை ஏற்கும், மற்றது அடங்கிவிடும். ஏற்பது தன் நுழைவாய் வழியாக 20 மைக்ரோஆம்பியர் வரை வாங்கக்கூடும்.

5 வோல்ட்டு ஊட்டத்தை இரண்டு 10,000 ஓம் தடைகளால் பகுத்து 2.5 வோல்ட்டு நியமம் எடுத்திருக்கிறோம் என்போம். அப்பகுப்பின் உள்தடை 5,000 ஓம். நம் குறி நியமத்தினும் தாழ்ந்திருக்கும்போது நியமத்தின் பக்கத்து டிரான்சிஸ்டர் 20 மைக்ரோஆம்பியர் வாங்கும், நியமம் 0.1 வோல்ட்டு தாழ்ந்து 2.4இல் நிற்கும். குறி மெல்ல ஏறி 2.4ஐத் தாண்டுகிறது. உடனே அந்த டிரான்சிஸ்டர் அடங்க, ஓட்டம் நிற்க, நியமம் மீண்டும் 2.5ஐ நோக்கி எழும். இப்போது குறி மறுபடி நியமத்தினும் தாழ்ந்ததாகிவிடுகிறது! தராசு திரும்பச் சாய, நியமம் திரும்ப இறங்குகிறது. குறி எந்தக் குற்றமும் செய்யவில்லை. படிக்கல்தான் ஒவ்வொரு தீர்ப்புக்கும் எடை மாறுகிறது. பின்வந்த பல ஒப்பீட்டுச் சில்லுகள் இதில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கே வாங்கின. ஆகவே இக்குற்றம் அரிதாயிற்று. எனினும் மின்கலத்தைச் சிக்கனப்படுத்த எண்ணிப் பகுப்புத் தடைகளைப் பத்து இலட்சம் ஓம் அளவுக்கு உயர்த்துவோரிடம் இது இன்றும் வந்து சேரும்.

இங்கே அளக்கும் கருவியும் பொய் சொல்லும். முள் அசையும் பழைய வகை மல்ட்டிமீட்டர் வோல்ட்டுக்கு 20,000 ஓம் கொண்டதாயின், 10 வோல்ட்டு வரிசையில் அது 2,00,000 ஓம். மேற்கண்ட நியமத்தில் வைத்தால் நூற்றில் இரண்டுக்கு மேல் அதுவே இறக்கிவிடும். எண்காட்டும் மீட்டர் அவ்வாறு இறக்காது என்றாலும் வேறொரு வகையில் ஏமாற்றும்: வேகமாக ஆடும் அழுத்தத்தின் சராசரியைக் காட்டி, அமைதியாக இருக்கிறது என்று சாதிக்கும். ஆசிலோஸ்கோப்பின் திரை ஒன்றே அந்த நடுக்கத்தைக் கண்ணுக்குக் காட்டும்.

இனிப் படிக்கல்லின் கதைக்கு மீள்வோம். 1934இல் கிளாரன்ஸ் ஸீனர் என்ற அறிஞர் மின்கடத்தாப் பொருள்கள் மிகை அழுத்தத்தில் எவ்வாறு உடைகின்றன என்று ஒரு கோட்பாடு வகுத்தார். பிற்காலத்தில் குறித்த அழுத்தத்தில் உடைந்து நிற்கும் சிலிக்கன் டையோடுக்கு அவர் பெயர் நிலைத்தது. உண்மையில் ஐந்து வோல்ட்டு அளவுக்குக் கீழ்ப்பட்டவற்றிலேயே அவர் சொன்ன விளைவு மேலோங்கும். அதற்கு மேற்பட்டவற்றில் நிகழ்வது பனிச்சரிவு போன்ற வேறொரு விளைவு. முன்னது வெப்பத்தால் குறையும். பின்னது வெப்பத்தால் கூடும். கூடும் ஒன்றோடு, வெப்பத்தால் குறையும் சாதாரண டையோடு ஒன்றைத் தொடராக இணைத்து 6.2 வோல்ட்டு நியமம் செய்தனர். வெஸ்டனின் இரண்டு கால்கள் மீண்டும் வந்துவிட்டன! ஆனால் இந்த உடன்படிக்கை 7.5 மில்லிஆம்பியர் ஓட்டத்தில் மட்டுமே செல்லும். மிச்சப்படுத்த எண்ணி ஒரு மில்லிஆம்பியரில் ஓட்டினால், கொடுத்த விலை வீண்.

ஸீனர் நியமத்துக்கு ஆறு ஏழு வோல்ட்டு வேண்டும். ஐந்து வோல்ட்டு ஊட்டத்தில் அதற்கு இடமில்லை. 1964இல் ஃபேர்சைல்டின் டேவிட் ஹில்பைபர் டிரான்சிஸ்டர்களைக் கொண்டே நியமம் ஆக்கும் வழியை அறிவித்தார். அதனை ஒரே சில்லில் பயன்படும் வடிவுக்குக் கொணர்ந்து 1971இல் விளக்கியவர் முற்கூறிய விட்லரே. தராசு செய்தவரே படிக்கல்லும் செய்தார். கணக்கு எளிது. ஓட்டம் பாயும் டிரான்சிஸ்டரின் நுழைவு அழுத்தம் பாகைக்கு ஏறத்தாழ 2 மில்லிவோல்ட்டு குறையும். ஓட்ட நெருக்கம் ஒன்றுக்குப் பத்தாக உள்ள இரண்டு டிரான்சிஸ்டர்களின் அழுத்த வேறுபாடோ பாகைக்கு 0.2 மில்லிவோல்ட்டு கூடும். இதனைப் பத்து மடங்காக்கி முன்னதோடு கூட்டினால் ஏற்றமும் இறக்கமும் கழிந்து, ஏறத்தாழ 1.2 வோல்ட்டு எஞ்சும். அது சிலிக்கனின் ஆற்றல் இடைவெளிக்கு ஒத்த அளவு. 1974இல் பால் புரோக்கா இதனை மேலும் செப்பமாக்கினார். இன்று நம் சட்டைப்பையில் உள்ள தொலைபேசிக்குள் இத்தகைய நியமங்கள் பல உறைகின்றன.

1970களின் பிற்பகுதியில் வந்த 'டி.எல். 431' என்னும் மூன்று கால் நியமமும் இக்குலத்ததே. அடிப்படை அழுத்தம் 2.5 வோல்ட்டு. மின்கருவிகளின் ஊட்டப் பெட்டிகளில் இதனைக் காணாதார் இலர். இதன் குறுக்கேயும் சில குறிப்பிட்ட அளவு மின்தேக்கிகளை வைத்தால் அது தானே அலைவு எழுப்பும். எந்த அளவுகள் ஆகா என்று செய்தவர்களே வரைபடம் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ஒளிர்குழலின் பழைய நோய்! மின்தேக்கி வைத்தால் எந்த நடுக்கமும் அடங்கும் என்று எண்ணிச் சால்டர் கோலை எடுப்பவர், அந்த வரைபடத்தை ஒருமுறை பார்த்துவிட்டு எடுப்பது நல்லது.

இது படிக்கல் மரபு. கிறிஸ்டி–வீட்ஸ்டன் மரபு என்னாயிற்று? அதுவும் மறையவில்லை. ஹான்ஸ் கமன்சிண்ட் 1971இல் வடிவமைத்து, சிக்னெட்டிக்ஸ் நிறுவனம் 1972இல் விற்பனைக்குக் கொணர்ந்த '555' என்ற நேரங்காட்டும் சில்லை எடுத்துக்கொள்வோம். அதனுள் இரண்டு ஒப்பீட்டுச் சுற்றுகள் உண்டு. அவற்றுக்குரிய நியமங்கள் ஸீனரும் அல்ல, வேறு நுட்பமான உறுப்பும் அல்ல. ஊட்டத்தை மூன்றாகப் பகுக்கும் மூன்று சம மின்தடைகளே. ஊட்டம் குறைந்தால் நியமமும் குறையும். ஆயின் நேரம் பிசகாது. ஏனெனில் நேரத்தை அளக்கும் மின்தேக்கியும் அதே ஊட்டத்திலிருந்தே நிரம்புகிறது. மூன்றில் இரண்டு பங்கு நிரம்ப ஆகும் நேரம் ஊட்டம் எத்தனை வோல்ட்டு என்பதைப் பொறுத்ததன்று. நியமம் ஆடுகிறது, தீர்ப்பு ஆடவில்லை. அந்நியமத்தை வெளியே காட்டும் ஐந்தாம் காலில் 0.01 மைக்ரோபாரட் மின்தேக்கி வைப்பது வழக்கம். அது கண நேர நடுக்கத்தை மட்டும் விழுங்கும் அளவுக்குச் சிறியது.

இப்போது அந்தி விளக்கின் புதிர் அவிழ்கிறது. ஒளியுணர் உறுப்பும் தடைப் பகுப்பும் ஒரே ஊட்டத்திலிருந்து உண்டால், அது வீட்ஸ்டன் பாலத்தின் பிள்ளை. விளக்கோ ரிலேயோ இயங்கும்போது ஊட்டம் அரை வோல்ட்டு சரியலாம். இரண்டு பக்கமும் ஒரே விகிதத்தில் சரிவதால் தீர்ப்பு மாறாது. மல்ட்டிமீட்டரைத் தரைக்கும் நியமத்துக்கும் இடையே வைத்து அளப்பவனுக்கோ நியமம் ஆடுவதாகத் தோன்றும். உடனே ஒரு பக்கத்தை மட்டும் ஆடாத நியமச் சில்லால் கட்டிவிடுகிறான். இனி ஊட்டம் சரியும்போதெல்லாம் ஒளியுணர் பக்கம் மட்டும் சரிகிறது. இதுவரை இல்லாத துடிப்பை அவனே உண்டாக்கிவிட்டான். நியமத்தின் மீது பெரிய மின்தேக்கி வைத்தாலும் இதே கதைதான். உடன் சரிய வேண்டியது தாமதித்துச் சரிகிறது.

மாறாக, ஒரு மின்கலம் தீர்ந்துவிட்டதா என்று அறியும் சுற்றில் படிக்கல் மரபே வேண்டும். அங்கே நியமத்தை அந்தக் கலத்திலிருந்தே தடைகளால் பகுத்து எடுத்தால், கலம் சாகும் வரை 'நலம்' என்றே விடை வரும். வெறும் தடைப் பகுப்பு முன்னதற்கு அமுதம், பின்னதற்கு நஞ்சு. ஆகவே அளக்க வேண்டிய இடம் நியமத்துக்கும் தரைக்கும் இடையே மட்டும் அன்று. இரண்டு நுழைவாய்களுக்கும் இடையே. அங்கே காணும் நடுக்கமே சுற்று உணரும் நடுக்கம்.

படிக்கல் மரபின் இறுதிப் பகுதி வியப்புக்குரியது. 1948இல் வோல்ட்டின் வரையறையே மாறி, வெஸ்டன் கலம் 1.0186 வோல்ட்டு ஆயிற்று. கலம் மாறவில்லை, அலகுதான் மாறிற்று. நாடுகள்தோறும் காத்துவைத்த கலக்கூட்டங்கள் ஆண்டுக்காண்டு மெல்ல நழுவின. 1962இல் கேம்பிரிட்ஜின் பிரயன் ஜோசப்சன், 22 வயது இளைஞர், மீக்கடத்திகள் இரண்டின் இடையே மெல்லிய தடுப்பு இருந்தால் என்ன நிகழும் என்று கணித்துக் கூறினார். அத்தகைய சந்தியில் நுண்ணலை பாய்ச்சினால் எழும் அழுத்தம் அலையின் அதிர்வெண்ணையே பொறுத்தது. பொருளையோ செய்பவர் கையையோ பொறுத்ததன்று. 1990 சனவரி முதல் நாள் முதல், ஒரு வோல்ட்டுக்கு 483597.9 கிகாஹெர்ட்ஸ் என்று எல்லா நாடுகளும் ஒரே எண்ணைக் கையாண்டன. அன்று அமெரிக்காவின் வோல்ட்டு பத்து இலட்சத்தில் ஒன்பது பங்குக்குச் சற்று மேல் திருத்தப்பட்டது.

அழுத்தத்தை அதிர்வெண்ணால் அறிவதென்றால் அதுவும் ஒரு விகிதமே. கிளார்க்கின் கண்ணாடிக் குழலில் தொடங்கிய மரபு, கிறிஸ்டியின் வீட்டு வாயிலில் வந்து நிற்கிறது. 2019 மே 20 அன்று அலகுகள் யாவும் இயற்கை மாறிலிகளால் வரையறுக்கப்பட்டபோது அந்த எண் 483597.8484 என நுணுகிற்று. வோல்ட்டு ஏறத்தாழ கோடியில் ஒரு பங்கு நகர்ந்தது. நாட்டு நியம ஆய்வுக்கூடங்களைத் தவிர அதனைக் கண்டவர் அரியர். ஜோசப்சன் சந்திகளுக்குத் திரவ ஹீலியத்தின் கடுங்குளிர் வேண்டுமாதலால், பட்டறைகளில் கருவிகளைச் சரிபார்க்க இன்றும் கைகொடுப்பது ஸீனர் நியமமே. அதனையும் சூடேற்றி, ஒரே வெப்பநிலையில் நிறுத்தி, குறித்த காலத்துக்கு ஒருமுறை மேல்நிலை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, சென்ற முறைக்கும் இம்முறைக்கும் எத்தனை நழுவியது என்று ஏட்டில் குறித்து வருகின்றனர்.